பிரிக்காத பூப்பொட்டலம்

1

இந்தக் கதையில் ஒரு பூ வருகிறது. அது என்ன நிறம் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. சிவப்பு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. சிவப்பு என்று என்னிடம் சொன்னது யார்? ராஜாராம் சாரா, கன்னையனா? அல்லது இருவருமே சொல்லாமல் விட்ட இடத்தில் நானாகச் சிவப்பைப் பூசிக்கொண்டேனா? மற்ற விஷயங்களிலும் என் நினைவு இப்படித்தான் இருக்கும். தெரிந்துகொண்டே படியுங்கள்.

கதை கிடைத்த இடத்தில் மட்டும் சந்தேகமில்லை. அது ஒரு வகுப்பறை மௌனத்தில் கிடைத்தது.

1985இல் நான் போடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் மாணவன். (கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் தேடிப் பார்த்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது.) ராஜாராம் சார் ஏலச்செடியின் நோய்களை நடத்திக்கொண்டிருந்தார். கையில் கட்டே நோய் கண்ட ஓர் இலை. பச்சையின் மேல் வெளிர்க் கோடுகள், நடுநரம்பிலிருந்து ஓரம் வரை. அசுவினிப் பூச்சி பரப்பும் நோய் அது. வந்த செடி சாவதில்லை. காய்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஒடுங்கிக்கொண்டே போகும். அதைச் சொல்லிவிட்டு சார், "இதப் பத்தி என்னைவிட நல்லாத் தெரிஞ்சவரு ஒருத்தர் மேல இருக்காரு" என்றார்.

அத்தோடு நின்றுவிட்டார். இலையைப் பிடித்த கை அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. என் பக்கத்தில் இருந்த சுடலை, "மேல இருக்காருன்னா, செத்துட்டாராடா?" என்று கிசுகிசுத்தான். இரண்டு பெஞ்சுகள் சிரித்தன. சார் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மணி அடிக்கிறவரை பேசவில்லை.

எனக்கு மௌனங்கள் பிடிக்கும். இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவர்கள் நெருங்கியவர்கள் என்று நம்புகிறவன் நான். ஆனால் அன்று சார் நின்றதில் நெருக்கம் இல்லை. உள்ளே யாரோ கதவைத் தாளிட்டுக்கொண்டது போல இருந்தது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "1979 ஜூன் மாதக் காலை. போடிமெட்டிலிருந்து இறங்கிய ஜீப்பில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே, புதிதாக முனைவர் பட்டம் பெற்ற ஒருவன் தன் சான்றிதழ்களை மார்போடு—"

நிறுத்திவிட்டேன். ஜூனில் ஏலக்காய் மூட்டை ஏது? காய் எடுப்பு ஆவணி பக்கம்தான் சூடு பிடிக்கும். மணக்கட்டுமே என்று மூட்டையை ஏற்றிவிட்டிருக்கிறேன். மார்போடு அணைத்த சான்றிதழும் அப்படித்தான். கன்னையன் அவற்றை ஓர் உரப்பையில் சுருட்டிக் காலுக்கடியில் வைத்திருந்தார். மழை.

இரண்டாவது கட்டுரைபோல ஆரம்பித்தது: "ஆய்வுப் பட்டங்கள் பெருகிய அளவுக்கு ஆசிரியப் பணியிடங்கள் பெருகாத ஒரு காலத்தில், தகுதி என்ற சொல்லின் பொருள் யாதெனில்—" யாதெனில் என்று எழுதிய கையோடு எழுந்து வெளியே போய்விட்டேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் யாரும் குடியிருக்கவில்லை.

மூன்றாவதைத்தான் வைத்துக்கொள்கிறேன். அது எஸ்டேட் லயத்தில் தொடங்குகிறது. லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள்.

3

கன்னையன் விடிவதற்குள் கிளம்பிவிட்டான். (இனி அவன், இவன் என்றுதான் எழுதப்போகிறேன். கதைக்குள் அவனுக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு இப்போது அதற்குமேல் ஆகிறது.)

"சட்டையத் தேய்க்கலையா அப்பு?" என்றாள் அவன் தாய் செல்லத்தாய்.

"தேச்சதுதான் ஆத்தா. இந்த ஈரத்துல நிக்க மாட்டேங்குது."

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி வீங்கியிருந்தது. புருஷன் வேலுச்சாமி போன பிறகு அந்த அறை அவள் பேரில்தான் ஓடியது. வரும் காய் எடுப்போடு வேலையை நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் பேர் விழாத வீட்டுக்கு லயத்தில் இடம் கிடையாது. மகன் மதுரையில் படித்த ஆண்டுகளெல்லாம் அந்த முட்டியின் மேல்தான் நின்றன.

"வேலை கெடச்சா கீழ வீடு பாப்பியா?"

"பாப்பேன்."

"தண்ணிக் கொழா வீட்டுக்குள்ளயே இருக்குமா?"

"இருக்கும் ஆத்தா."

"அப்பச் சரி. அங்க வந்து செத்தேன்னாக் காஞ்ச மண்ணுல போடுவீக. இங்க ஒங்கப்பனுக்குக் குழி தோண்டுனாக, தண்ணி ஊறுச்சு. எறைச்சுல்ல போட்டாக."

"காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"நல்ல பேச்சுதான். வெரசாப் போ, ஜீப்பு போயிரும்."

அடுத்த அறைக் கருப்பம்மாள் தலையை நீட்டினாள். "டாக்டரு கெளம்பிட்டாரா? வரும்போது எனக்கு இருமலுக்கு ஏதாச்சும் கொண்டா."

"நான் செடி டாக்டரு அக்கா."

"செடிக்குக் குடுக்குறதையே குடு. நானும் இந்தத் தோட்டத்துலதான மொளச்சேன்."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். (சிரித்தான் என்பது என் சேர்க்கை. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவனைச் சிரிக்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.)

4

பணியிடம் ஒன்று. வந்திருந்தவர்கள் பலர். கல்லூரி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் ராஜாராம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

இருவரும் மதுரையில் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள், ஒரே அறையில் தங்கியவர்கள். ராஜாராமின் குடும்பம் போடியில் தலைமுறையாக நிலம் வைத்திருந்தது. கன்னையன் நான்கு ஆண்டு சரிவுகளில் அலைந்து கட்டே நோய் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கமாகப் பரவுகிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கிவிட்டான். ராஜாராம் ஆய்வேட்டைக் கொடுத்திருந்தான். வாய்மொழித் தேர்வு பாக்கி.

"மாப்ளே, ஒன்னைய எவன்டா வரச்சொன்னது?" என்றான் ராஜாராம். "நீ வந்தா எனக்கு எப்படிடா கெடைக்கும்?"

"ஒனக்குத்தான் தோப்பு இருக்குல்ல. போயித் தேங்கா போடு."

"எங்கய்யா சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டாருடா, புள்ளைக்குக் காலேஜ் வேலைன்னு. கெடைக்கலைன்னா நான் ஊருக்குள்ள நடக்க முடியாது."

"கெடைக்கலைன்னா எங்க ஆத்தா எங்க படுக்கும்னு எனக்குத் தெரியாது."

இதற்குமேல் இருவரும் பேசவில்லை. ராஜாராம் சார் பின்னாளில் என்னிடம் இந்த இடத்தைச் சொன்னபோதும் பேச்சை நிறுத்திவிட்டு மேசையிலிருந்த சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார். 'எங்க ஆத்தா எங்க படுக்கும்' என்று கன்னையன் உண்மையிலேயே சொன்னானா, சார் பிற்பாடு தானே கேட்டுக்கொண்டதா என்று நான் கேட்கவில்லை.

மதுரையிலிருந்து வந்த நிபுணர் கேள்விகள் கேட்டார். எல்லோரையும் பார்த்துவிட்டு, கன்னையனை முதலாவதாகவும் ராஜாராமை இரண்டாவதாகவும் வைத்தார். வராந்தாவிலிருந்த இருவருக்கும் அது கேட்டது. பிறகு, ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

என் கதை அந்த ரயில் புகையோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை.

5

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். கல்லூரிச் செயலர் சோலைமலையை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதினேன். தங்கச் சங்கிலி, வெற்றிலைச் சாறு, தொலைபேசியில் யாரோ பெரிய மனிதரின் சிபாரிசு. கிழித்துப்போட்டேன். நான் விசாரித்த அத்தனை பேரும் அவரைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: யாரிடமும் கை நீட்டாதவர், சிபாரிசு என்று வந்தவர்களை வாசலோடு திருப்பியவர். நான் பொய் எழுதுகிறவன்தான். ஆனாலும் அவர் மேல் அந்தப் பொய் ஒட்டவில்லை.

நிபுணர் போன பிறகு குழுவில் பேச்சு எழுந்தது. சிலர் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும் என்றார்கள். மேலே இருந்து வந்த பையன் எந்த ஆட்கள் என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். சோலைமலைக்குக் கோபம் வந்துவிட்டது.

"இங்க உக்காந்து அந்தப் பேச்சுப் பேசாதீக. காலேஜுன்னா நியாயமா நடக்கணும்."

"அப்ப அந்த மதுரைக்காரரு சொன்னபடி செய்வோமா?"

"அவரு ரயிலேறிட்டாரு. நாளைக்கு ஊருக்குள்ள பதில் சொல்றது நாமதான். இவனுக்குக் குடுத்தா அவக ஆளுக பேசுவாக, அவனுக்குக் குடுத்தா இவக பேசுவாக. ரெண்டும் படிச்ச புள்ளைக, ஒரே வாத்தியாருகிட்டப் படிச்சதுக. சாமிகிட்ட விட்ருவோம்."

அவர் சொன்னது பூப்போட்டுப் பார்ப்பதை. அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் பழகிய வழி. ஒரே வாய்க்காலில் இரண்டு பங்காளிகளுக்குத் தண்ணீர் முறையில் தகராறு வந்தால், ஆளுக்கு ஒரு நிறமாக இரண்டு பூக்களைத் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். எந்தப் பூவோ அவருக்கு முறை. தோற்றவர் வாய் திறக்கக்கூடாது. ஒரே ஒரு நிபந்தனை: இருவரும் முன்னதாகச் சம்மதம் சொல்லவேண்டும்.

(இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அது நல்ல வழி. இரண்டு பேருக்கும் சம உரிமை உள்ள தண்ணீருக்கு அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது. சோலைமலை செய்த பிழை பூவில் இல்லை. 'ரெண்டும் படிச்ச புள்ளைக' என்று அதற்கு முன்னால் இருவரையும் சமமாக்கிச் சொன்னாரே, அதில் இருக்கிறது. சொன்னபோது அவர் அதை நம்பவும் செய்தார்.)

6

கன்னையனைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள்.

"தம்பி, ஒளிவு மறைவில்லாமச் சொல்றேன்," என்றார் சோலைமலை. "சாதாரணமா நடந்தா இந்த வேலை ஒனக்கு வராது. கமிட்டியில ஒனக்குன்னு பேச ஆளில்ல. சாமிகிட்ட விட்டா ஒனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. நான் செய்ய முடிஞ்சது அவ்வளவுதான். சம்மதமா?"

கன்னையன்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. அவன் ஏன் மறுக்கவில்லை? 'நான்தானே முதலாவது' என்று ஏன் கேட்கவில்லை? முதலில் அவனைப் பயந்தவனாக எழுதினேன். நான்கு ஆண்டு காட்டில் தனியாக அலைந்தவன் பயந்தவன் இல்லை. பிறகு பக்திமானாக எழுதினேன். லயத்துக் கோயில் திருவிழாவில்கூட அவன் ஓரமாக நின்று பீடி குடிப்பவன். இந்தப் பாத்திரமே எனக்குப் பிடிபடவில்லை என்று கதையை மூடி வைத்தேன்.

பிறகு ஒருநாள், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது, 'பாதி' என்ற அந்தச் சொல் எனக்குக் கேட்டது. ராஜாராமையும் தனியே உள்ளே கூப்பிட்டு அதையேதான் கேட்டிருந்தார்கள். அந்த அறைக்குள் அது யார் காதில் எப்படி விழுந்திருக்கும்?

ராஜாராமுக்கு முழுசும் தனக்குத்தான் என்று பழக்கம். பாதி என்றதும் அவனுக்குப் பாதி போனது. அதையும் பொறுத்துக்கொண்டு சம்மதித்ததில் தன்னைப் பெருந்தன்மையானவன் என்று நினைத்துக்கொண்டான். (அவரே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு.) கன்னையனுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் பழக்கம். பாதி என்றதும் அவனுக்குப் பாதி வந்தது. முழுசாக அவனுடையதாக இருந்த ஒன்றில் பாதியைக் கொடுத்தார்கள். அவன் நன்றியோடு வாங்கிக்கொண்டான்.

கன்னையன் "சம்மதங்கய்யா" என்றான். கும்பிட்டான்.

7

கொட்டக்குடி ஆற்றங்கரையில் ஓர் அம்மன் கோயில். பூசாரி அமாவாசை இரண்டு பூக்களையும் எல்லோருக்கும் காட்டினார். சிவப்பு அரளி ராஜாராமுக்கு, வெள்ளை நந்தியாவட்டை கன்னையனுக்கு. (நிறங்களை இப்படியே வைத்துக்கொள்வோம்.) வாழையிலைக் கிழிசலில் மடித்து நாரால் கட்டித் தட்டில் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார்.

பொட்டலம் எடுக்கச் சம்பந்தமில்லாத ஆள் வேண்டும். பொங்கல் வைக்க வந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரி, பெயர் அன்னக்கொடி.

"என்ன விசேசம்? பொண்ணு பாக்கப் பூவா?" என்றாள் அவள், ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு.

"அதெல்லாம் ஒனக்கெதுக்கு ஆத்தா? ஒன்ன எடு."

"எதுக்குன்னு தெரியாம எடுத்தா, பெறகு என்னையல்ல வைவாக?"

"யாரும் வைய மாட்டாக. எடு."

அவள் இரண்டு இளைஞர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருமே மொகஞ் செத்துல்ல நிக்கிறாக," என்றாள். ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, பால் பொங்கிவிடும் என்று ஓடினாள்.

அமாவாசை நாரை அவிழ்த்தார். சிவப்பு.

சோலைமலை கண்ணை மூடிக் கும்பிட்டார். ராஜாராமின் அய்யா மகன் தோளைப் பிடித்துக்கொண்டார். கன்னையன் நண்பனின் கையைப் பற்றி, "நல்லாரு மாப்ளே" என்றான். குரல் சரியாகத்தான் வந்தது என்று சார் சொல்கிறார். போடிமெட்டுக்குப் போகும் கடைசி ஜீப்பைப் பிடிக்க உரப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

8

இப்போது சில முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ) அன்னக்கொடி மற்றப் பொட்டலத்தை எடுக்கிறாள். வெள்ளை. செல்லத்தாய் மலையிறங்கி வருகிறாள், வீட்டுக்குள் இருக்கும் குழாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது: இதிலும் அவன் பூவால்தான் ஜெயிக்கிறான். அவன் தகுதி இங்கேயும் ஒரு வாழையிலைக்குள்தான் கிடக்கிறது.

ஆ) பிரிக்காத பொட்டலத்திலும் சிவப்பே இருக்கிறது. மோசடி. கன்னையன் அதைப் பிரித்துக் காட்டுகிறான், ஊர் கொதிக்கிறது. விறுவிறுப்பான முடிவு. ராஜாராம் சாருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. "அன்னைக்கே பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பொட்டலத்தைக் கன்னையன் கொண்டுபோய்விட்டதாக அவர் நினைக்கிறார்.

இ) ராஜாராம் வேலையை மறுத்து—

இல்லை. அவர் மறுக்கவில்லை.

9

1988இல் நான் போடிமெட்டுக்கு மேலே போய்க் கன்னையனைப் பார்த்தேன். அதே எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். நோய் கண்ட செடிகளைப் பார்த்துப் பார்த்துக் குச்சி நட்டுக்கொண்டே நடந்தார். பின்னால் வந்தவர்கள் அவற்றைத் தூரோடு பிடுங்கினார்கள்.

"நாலஞ்சு காலேஜுக்குப் போனேன் தம்பி," என்றார். "எல்லா எடத்துலயும் ஒரே கேள்வி. போடியில காலேஜ வச்சுக்கிட்டு, ஏலச்செடி படிச்ச ஒங்களை அங்கயே ஏன் எடுக்கலம்பாக. பூ விழுகலைன்னா சொல்றது? அதுக்குள்ள ஆத்தா பேரை எடுத்துட்டாக. வீடு வேணும்ல, என் பேரைக் குடுத்தேன்."

நான் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நான் எதையும் எடுத்துட்டு வரல. அங்கனயே கெடந்துச்சு."

"அதுலயும் சிவப்பு இருந்திருந்தா?"

அவர் ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார். மூடுபனி எங்களுக்கும் வேலையாட்களுக்கும் நடுவில் வந்து நின்றது.

"வெள்ளைதான் இருந்திருக்கும். சோலைமலை அய்யா பொய் சொல்ற ஆளில்ல. திருடியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன் தம்பி, கோர்ட்டுக்குப் போயிருப்பேன். நேர்மையால்ல செஞ்சுபுட்டாரு. நானும் சம்மதம்னு சொல்லிப்புட்டேன். இதுக்கு எங்கிட்டுப் போயி நிக்கிறது?"

பிறகு அந்த இலையைக் கிள்ளி ஈரத்துணியில் சுற்றினார். வெளிர்க் கோடுகள் நடுநரம்பிலிருந்து ஓரம் வரை ஓடின.

"கீழ போறீகள்ல, இதை ராஜாராமுகிட்டக் குடுத்துருங்க. வருசா வருசம் வகுப்புக்குக் கேட்டு விடுவான். ஜீப்புல குடுத்தனுப்புவேன்."

"நீங்க எதுக்கு சார் குடுக்கறீங்க?"

"பசங்க பாக்கணும்ல?"

நான் இலையைக் கொண்டுவந்து கொடுத்தேன். சார் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்படி இருக்கான்?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

10

கதைக்கு முடிவு எழுத எனக்குத் தெரியவில்லை. பொட்டலத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். விருப்பமிருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்த நிறம் இருந்தாலும் இதற்குக் கீழே இருப்பது மாறாது.

சோலைமலை 1986இல் காலமானார். கடைசிவரை கல்லூரி விழாக்களில், எங்கள் நிர்வாகத்தில் ஒரு கறை கிடையாது என்று சொல்லிப் பூப்போட்ட கதையை மேடையில் சொல்லிவந்தார். கைதட்டுவார்கள். நானும் ஒருமுறை, விவரம் தெரியாமல், தட்டியிருக்கிறேன்.

பூசாரி அமாவாசை அதே கோயிலில் இருக்கிறார். அவருக்கு அந்த நாள் நினைவில்லை.

அன்னக்கொடியைத் தேவாரத்தில் தேடினேன். அந்தப் பெயரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் யாராக இருந்தாலும், தான் என்ன எடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாது.

ராஜாராம் சார் 1980இல் பட்டம் வாங்கினார். இப்போது துறைத்தலைவர். நல்ல ஆசிரியர், எனக்குத் தெரிந்த தாவரவியல் அவர் கொடுத்தது. கட்டே நோய் வகுப்பில் அந்த இடம் வந்ததும் இன்னும் நின்றுவிடுகிறாராம்.

கன்னையன் எஸ்டேட்டில்தான் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேர்முகத் தேர்வுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

செல்லத்தாய் 1983 ஆடி மாதம் லயத்து அறையிலேயே இறந்தாள். நல்ல மழை. குழியில் தண்ணீர் ஊறியது. இறைத்துவிட்டு வைத்தார்கள்.